பத்தாம் வகுப்புப் பையன் வாய் திறப்பதில்லை, என்ன செய்வது?

கேள்வி: 08-06-2025, ஞாயிறு

அண்ணா, மாரண்டஅள்ளிப் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். மகன் பத்தாம் வகுப்பு. போன வருடம் அரையாண்டுத் தேர்வு வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், இப்போது "ம்", "இல்லை" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறான். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறான். கையில் எந்நேரமும் போன். நள்ளிரவு வரை போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. பள்ளிக்கு இன்னும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போகிறான், கேட்டால் தூசி என்கிறான். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானா, இல்லை எனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லையா?

08-06-2025, இரவு

போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பத்து நாள் முறைப்பான், பதினோராம் நாள் வழிக்கு வருவான். பாலக்கோட்டில் பள்ளிக்கு எதிரே 22 வருடமாக ஸ்டுடியோவும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறேன். பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

09-06-2025, காலை

நேற்று எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "நம் வீட்டுப் பீரோ கதையையும் சேர்த்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கதை இதுதான். 2018-ல் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. போனை வாங்கிப் பூட்டினேன். மூன்று மாதம் வீடு அமைதியாக இருந்தது. படிக்கிறாள் என்று நானும் தெருவெல்லாம் பெருமையடித்தேன். ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று மருத்துவர் சொன்னார். மாதவிலக்கு மாதம் இருமுறை வந்துகொண்டிருந்திருக்கிறது. தாயிடம் சொன்னால் மருத்துவமனை, மருத்துவமனை என்றால் உறவுக்காரர்களின் வாய் என்று பயந்து, தோழி ஒருத்தியிடம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பூட்டியது அந்தத் தோழியை. இதை அவள் என்னிடம் சொன்னது கல்லூரி முடித்த பிறகு.

ஆகவே "பிள்ளைகளை எனக்குத் தெரியும்" என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பூட்டச் சொன்னதையும். வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள்: இரவு பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே மாடத்துக்குப் போகட்டும், உங்களுடையதும் சேர்த்து. பையனுடையதை மட்டும் வாங்கினால் அது தண்டனை. எல்லோருடையதும் போனால் அது வீட்டு வழக்கம். இதைச் சொல்லும் நானே படுத்துக்கொண்டு தெருக்கூத்து வீடியோ பார்க்கிறவன். நேற்றிரவு திரௌபதி துகிலுரிதல் முடியும்போது மணி ஒன்றரை.

11-06-2025

தூக்கம் பற்றி ஒரு சேர்க்கை. பிள்ளைகள் வேண்டுமென்றே விழித்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பே தாமதமாகிறது. சிறுவனாக இருந்தபோது ஒன்பது மணிக்குச் சொக்கியவனுக்கு இப்போது பதினொன்றானாலும் சொக்குவதில்லை. தேவைப்படும் தூக்கமோ எட்டு முதல் பத்து மணி நேரம். நாம் ஐந்து மணிக்கு எழுப்பிச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பகலில் தூங்கி வழிகிறான் என்று திட்டுகிறோம். போன் வெளிச்சம் அந்தத் தாமதத்தை இன்னும் இழுக்கிறது, அதையும் மறுக்கவில்லை. எதையாவது குறைப்பதென்றால் காலையில் எழுப்பும் நேரத்திலிருந்து தொடங்கலாம்.

15-06-2025, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. உங்கள் கேள்வியை மறுபடி நிதானமாகப் படித்தேன். முகக்கவசம்! அதை எப்படி விட்டேன்? கண்ணெதிரே கிடந்ததைத் தாண்டிவிட்டு ஒரு வாரமாகப் போனைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

கொரோனா போய் எத்தனை நாள் ஆயிற்று. சளி இல்லாத பதினைந்து வயதுப் பையன், தானாகத் தினமும் வாயை மூடிக்கொண்டு போகிறான் என்றால் தூசி காரணமாக இருக்காது. தட்டோடு திண்ணைக்குப் போவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அவன் மெல்லுவதை யாரும் பார்க்கக்கூடாது. தங்கச்சி, உங்கள் மகனின் பற்களை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது?

ஏன் கேட்கிறேன் என்றால், 22 வருடமாக நாற்காலியில் உட்காரவைத்து "கொஞ்சம் சிரி" என்று சொல்லும் தொழில் எனக்கு. சிறு பிள்ளைகள் உடனே சிரிக்கும். ஏழாவது, எட்டாவது தாண்டியதும் சிலர் உதட்டை இறுக்கிக்கொள்வார்கள். சிலர் சிரிப்பு வந்ததும் கையைத் தூக்கி வாயை மறைப்பார்கள், பொத்தானை அழுத்தினால் படத்தில் கைதான் இருக்கும். முதலில் வெட்கம் என்று நினைத்தேன். பிறகு கணினித் திரையில் முகத்தைப் பெரிதாக்கித் திருத்தும்போது தெரிந்தது. மேல்வரிசை முன்பற்களில் குறுக்கே சுண்ணாம்புக் கோடு, அதன் மேல் துருப்பிடித்தது போலப் பழுப்பு. கல்யாண ஆல்பங்களில் அந்தப் பழுப்பை ஒவ்வொரு பல்லாக வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறேன். மணமகனுக்கும், மாமியாருக்கும், நாதஸ்வரக்காரருக்கும்.

இது அழுக்கு இல்லை, பல் விளக்காத சோம்பேறித்தனமும் இல்லை. நம் மண்ணின் பாறை அப்படி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறையிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீர் அதைத் தாண்டியது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013 மே மாதம் தொடங்கினார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்பு என்று இருக்கும். பையனுக்கு அப்போது மூன்று வயது இருக்குமா? அதன் பிறகும் போர்த் தண்ணீர் குடித்தானா? உடனே ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றுங்கள், சரியாகும்.

16-06-2025

கடைசி வரி தவறு. பல் மருத்துவம் படித்த உறவுக்காரப் பெண் ஒருத்தி திருத்தினாள். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் கணக்கு. முளைத்து நிற்கும் பல் இனித் தண்ணீர் மாற்றுவதால் வெளுக்காது. மாற்றினால் பலன் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதற்கு. எலும்புக்கும் ஃபுளோரைடு ஆகாது என்பதால் பெரியவர்களும் மாறுவது நல்லதுதான். காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. போகாது. தண்ணீர் ஆவியாகிச் செறிவு கூடத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொன்னாள். செங்கல் பொடி, சாம்பல், உப்பு, எலுமிச்சை என்று தேய்க்க விடாதீர்கள். கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் தேய்த்தால் எனாமல்தான் தேயும்.

22-06-2025, ஞாயிறு

மாரண்டஅள்ளித் தங்கச்சி நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு சுருக்கமாகச் சொல்கிறேன்.

பையன் எட்டு வயது வரை பென்னாகரம் பக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்திருக்கிறான். ஆற்றுத் தண்ணீர் அங்கே முறை வைத்து வரும். பாட்டிக்குப் போர்த் தண்ணீரின் ருசிதான் பிடித்தம். தங்கை பிறந்ததிலிருந்து தாயோடு இருந்ததால் அவள் பல் பால்போல இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு நிறம்.

போன வருடம் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வகுப்பில் ஒரு ஆசிரியர் அவனை எழுப்பி, "என்ன பல் இது, புகையிலை போடுகிறாயா?" என்று கேட்டுப் பையைக் கொட்டச் சொல்லியிருக்கிறார். கொட்டியதில் விழுந்தவை புத்தகம், சீப்பு, உப்புத் தொட்டுத் தின்ன வைத்திருந்த ஓர் உருண்டைப் புளி. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவனுக்குப் பட்டப்பெயர் "செங்கல்". அதற்கு அடுத்த நாள் முகக்கவசம்.

நள்ளிரவுப் போன் வெளிச்சத்தில் அவன் தேடியது பல்லை வெள்ளையாக்கும் வழிகளை. நான் பூட்டச் சொன்ன போன்.

எப்படிச் சொல்ல வைத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவர் எதுவும் கேட்கவில்லையாம். விதைப்புக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது அவனும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தான். இருவரும் முறத்தைப் பார்த்தபடி இருந்ததால் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லை. தாய் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் அதே கறை. பெண் பார்க்க வந்த அன்று காபி கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனதால் பெண் ஊமையோ என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்தார்களாம். "உன் அப்பாவுக்கு நான் பேசுவேன் என்று தெரிந்ததே மூன்றாம் நாள்தான்" என்றதும் பையன் சிரித்துவிட்டான், வாயைப் பொத்திக்கொண்டு. அரை முறம் கடலை உரிப்பதற்குள் பை கொட்டிய கதை வெளியே வந்துவிட்டது.

தங்கச்சி, உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லையா என்று கேட்டீர்கள். நான் ஆறு மாதம் குறுக்கு விசாரணை செய்திருந்தாலும் இது வந்திருக்காது.

இனி செய்ய வேண்டியது. பள்ளிக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். முதலில் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். இது ஃபுளோரைடுக் கறை என்று மருத்துவர் கையால் எழுதியிருக்கட்டும். புகையிலைக் கறை பெரும்பாலும் ஈறோரத்திலும் பல்லின் உள்பக்கத்திலும் படியும். இது இடமும் வலமும் ஒரே மாதிரி, முன்பக்கம் குறுக்குக் கோடாக இருக்கும். பார்த்தவுடன் மருத்துவருக்குத் தெரியும். அந்தச் சீட்டோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சிகிச்சைக்கும் வழி உண்டு. மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சுரண்டி மெருகேற்றுவது, வெளுக்க வைப்பது, பல் நிறப் பூச்சு ஒட்டுவது என்று கறையின் ஆழத்தைப் பொறுத்துச் செய்கிறார்கள். எது எப்போது என்பதை அவர்களே சொல்லட்டும்.

03-07-2025

ஆசிரியரை மட்டும் குற்றவாளியாக்கி எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. அவருடைய பயத்துக்கும் காரணம் உண்டு. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. என் கடையிலிருந்து பார்த்தால் யார் யாருக்கு எதை மடித்துக் கொடுக்கிறார்கள் என்று தெரியும். பார்த்தும் பேசாமல் இருக்கிறேன், பக்கத்துக் கடைக்காரர் விரோதம் எதற்கு என்று. பையனின் பையைக் கொட்ட வைத்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சொல்லலாம்.

அது கிடக்கட்டும். இன்று ஒன்பதாவது படிக்கும் ஒருவன் வந்து, எருது விடும் விழா பேனருக்குப் படம் வேண்டும், மீசை வரைந்து தரமுடியுமா என்று கேட்டான். எவ்வளவு மீசை என்றேன். "அப்பாவுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக" என்றான். மரியாதை தெரிந்த பிள்ளை. வரைந்து கொடுத்தேன். போகும்போது அப்பாவின் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான், பின்னால் இரண்டு தக்காளிக் கூடை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் வந்த பிறகு, சிறுவன் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. மண்டிக்கு அவசரம் என்று சாவி கொடுக்கும் அப்பாக்களிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்லுங்கள், 25,000 என்றும் 25 என்றும்.

19-07-2025, சனி

ஆடி பிறந்துவிட்டது. கல்யாண வேலை இல்லை, கணினியில் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 2015 கோப்பில் ஒரு பெண்ணின் கடவுச்சீட்டு அளவுப் படம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக எடுத்தது, நீல ரிப்பன், இரட்டைச் சடை. 2016 கோப்பில் அதே முகம், கழுத்தில் மாலை. மலைக்கோவில் அடிவாரத்தில் காலை நான்கரை மணி முகூர்த்தம். அழைப்பிதழ் அடிக்கவில்லை, மேளமும் இல்லை, நாற்பது பேர். அவளுக்கு வயது பதினாறு என்று அங்கிருந்தவர்களில் ஆதாரத்தோடு தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிறந்த தேதி எழுதிய விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன் அல்லவா. தாலி கட்டும்போது "கொஞ்சம் சிரிம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை, கேமராவுக்கு மேலே இருந்த என்னைப் பார்க்கிறாள். அன்று ஃபோகஸ் நன்றாக விழுந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

முன்பணம் 6,000. மீதியையும் வாங்கிவிட்டேன்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது 2006-ல். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. நடத்திவைப்பவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அப்படியொரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அது பெற்றோருக்கும் புரோகிதருக்கும் ஆனது, படம் எடுப்பவனுக்கு என்ன என்று இருந்துவிட்டேன். நடந்துவிட்ட திருமணத்தைக்கூட அந்தப் பிள்ளை 18 வயதாகி இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. 2019-ல் அவள் தன் குழந்தைக்குப் படம் எடுக்க வந்தாள். அப்போது அவளுக்கு 19. அந்த வழி திறந்துதான் இருந்திருக்கிறது. எனக்கும் தெரியாது, அவளிடம் சொல்லவும் ஆளில்லை. குழந்தையைப் பார்த்து "சிரி, சிரி" என்று அவளே சொன்னாள்.

பெற்றோர் பக்கத்தையும் கேட்டிருக்கிறேன். இருவரும் கூலி வேலைக்குப் பெங்களூர் போகிறார்கள், வயதுக்கு வந்த பெண்ணைக் கிழவியிடம் விட்டுப்போகப் பயம். ஊரில் யாராவது ஒரு பேச்சு பேசிவிட்டால் போதும், அடுத்த முகூர்த்தத்தில் முடித்துவிடுகிறார்கள். இவர்களிடம் சட்டம் பேசினால் பயப்படுவார்கள், நான்கரை மணி முகூர்த்தம் மூன்றரை ஆகும். "அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும், விடுதியும் இருக்கிறது" என்று சொன்னபோது ஒரு அப்பா உட்கார்ந்து கேட்டார். அந்தத் திட்டம் வந்தது 2022 செப்டம்பரில். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. விண்ணப்பத்துக்கு ஜெராக்ஸ் நான் இலவசமாக எடுத்துத் தருகிறேன். பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20-07-2025

உதவிக்குக் கூப்பிடும் போன் எண்களைக் கேட்டிருக்கிறார்கள். குழந்தைத் திருமணம், அடி, தொந்தரவு எதுவானாலும் 1098. பிள்ளையே கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம். குழந்தைத் திருமணத்துக்கு மாவட்டச் சமூகநல அலுவலரிடமும் சொல்லலாம். திருமணம் நடக்கும் முன்பே சொல்லிவிட்டால் நீதிமன்றத் தடை வாங்க முடியும், அதை மீறிக் கட்டும் தாலி செல்லாது. மனம் சரியில்லை, தூக்கமில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் 14416, எந்நேரமும், தமிழில் பேசுவார்கள். படிப்பு, தேர்வு பயம் என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417.

21-07-2025

ரத்தசோகை மாத்திரையைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன் என்று மனைவி நினைவூட்டினாள். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரைதான். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், டீயோடு கூடாது, டீ இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. நெல்லிக்காய், எலுமிச்சை சேர்ந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அதைக் கண்டு பயந்துதான் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிகிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எறியமாட்டார்கள். என் மகளும் எறிந்தவள்தான். பள்ளிச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் பல நாள் நீல நீலமாகக் கிடக்கும், ஏதோ சாக்லேட் என்று நினைத்தேன்.

24-08-2025, ஞாயிறு

ஆவணி பிறந்து ஒரு வாரம். இரண்டு முன்பதிவு வந்தது. வயதுச் சான்று நகல் கேட்டேன். ஒருவர் கொடுத்தார். இன்னொருவர் "நீ என்ன தாசில்தாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கே போனார் என்று தெரியும். 1098-க்குப் பேசியிருக்கிறேன். என்ன ஆகிறதென்று பார்ப்போம்.

நேற்று மாரண்டஅள்ளித் தங்கச்சி மகனோடு கடைக்கே வந்துவிட்டார். பஸ் பாஸுக்குப் படம் வேண்டுமாம், அங்கே கடை இல்லாமலா இவ்வளவு தூரம். பல் மருத்துவரிடம் இருமுறை போய் வந்திருக்கிறார்கள். கறை கொஞ்சம் மங்கியிருக்கிறது, முழுதும் போகவில்லை. சீட்டைப் பார்த்த தலைமை ஆசிரியர் அந்த ஆசிரியரிடம் பேசியிருக்கிறார். அவர் பையனைத் தனியே கூப்பிட்டுத் தோளைத் தட்டினாராம். அவமானம் நாற்பது பேர் முன்னால், சமாதானம் ஆளில்லாத வராந்தாவில். பட்டப்பெயர் இன்னும் இருக்கிறது. முகக்கவசம் சட்டைப் பையில் இருந்தது, முகத்தில் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தான். சிரி என்று நான் சொல்லவில்லை. பஸ் பாஸுக்கு எதற்குச் சிரிப்பு. பிரிண்ட் வரும்வரை இது எந்த லென்ஸ், பின்னணியை எப்படி மாற்றுகிறீர்கள், பழைய கேமரா இருந்தால் விற்பீர்களா என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கை அவ்வப்போது வாய் வரை போகும், பாதியில் மறந்துவிடும். எட்டுப் படம் 60 ரூபாய் என்றேன். எங்கள் ஊரில் 40 தான் என்றான். தாய் அதட்டினார். பேப்பர் விலை, மை விலை, கரண்ட் விலை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. கடைசியில் 50 கொடுத்துவிட்டுப் போனான்.